முதலிடமும் பாதியும்

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலை நடத்திக் கொடுக்கும் பொறுப்பு, சில ஆண்டுகளுக்கு முன்பு என் தலையில் விழுந்தது. டில்லியில் உள்ள இத்தகைய குடியிருப்புகளில், யாருக்கு எழுத்து வேலை பழக்கமோ, யார் எந்தக் கோஷ்டியிலும் சேராமல் ஒதுங்கி இருக்கிறாரோ, அவரைத் தேடிப் பிடித்துத் தேர்தல் அதிகாரி ஆக்கிவிடுவார்கள். நான் மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளன். இரண்டு தகுதியும் இருந்தமையால் தப்ப இயலவில்லை.

மூவர் போட்டியிட்டனர். பதிவான வாக்குகள் 96. எண்ணிப் பார்த்தபோது ஒருவருக்கு 38, மற்றொருவருக்கு 31, மூன்றாமவருக்கு 27 கிடைத்திருந்தன. நான் எழுந்து நின்று, 38 வாக்குகள் பெற்றவர் பெரும்பான்மை பெற்று வெற்றியடைந்தார் என்று அறிவித்தேன். பின்வரிசையில், கணக்கு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். "ஏன் ஸார், தொண்ணூற்றாறில் முப்பத்தெட்டு எப்படிப் பெரும்பான்மை ஆகும்?" என்றார்.

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது. குடியிருப்பின் பொதுத் தண்ணீர்த் தொட்டியைச் செப்பனிட்டு எல்லோரும் அதிலிருந்தே நீர் பெறுவதா, அல்லது அவரவர் வீட்டுக்குத் தனித்தனி மோட்டார் வைத்துக்கொள்வதா என்பதே அந்த ஆண்டின் பெரிய பிரச்சினை. 38 வாக்குகள் பெற்றவர் மோட்டார் கட்சி. மற்ற இருவரும் தொட்டியின் பக்கம். அதாவது 58 வீட்டார் தொட்டி வேண்டும் என்றார்கள். 38 வீட்டார் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் வென்றார்கள். வெற்றி பெற்றவர் நல்ல மனிதர். விதிப்படிதான் வந்தார். ஆயினும் மேல்மாடியில் குடியிருந்த அந்தப் பெரியவர் அடுத்த கோடையில் குடத்தோடு கீழே இறங்கி வந்து நிற்க நேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவருடைய கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. காரணம், பிழை என்னுடைய மொழியில் இருந்தது. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உள்ளன. மொத்த வாக்குகளில் பாதிக்கு மேல் பெறுவது மெஜாரிட்டி. பாதியைத் தொடாவிட்டாலும், போட்டியிட்ட மற்ற ஒவ்வொருவரையும்விட அதிகமாகப் பெறுவதை அமெரிக்கர்கள் ப்ளூராலிட்டி என்பார்கள். முன்னதற்குப் 'பெரும்பான்மை' என்ற சொல் நம்மிடம் உண்டு. பின்னதற்கு அகராதியைப் புரட்டினால் 'பன்மை' என்று காணப்படும். அஃது இலக்கணத்துக்குப் பொருந்தும், தேர்தலுக்குப் பொருந்தாது. இளம் வயதில் நானே ஒரு கோப்பில் 'பிரதிநிதிகளின் பன்மை' என்று எழுதி, மேலதிகாரியிடம் சிவப்பு மைச் சுழி ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டதுண்டு. சட்டசபையில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாதபோது முன்னணியில் நிற்கும் கட்சியைத் 'தனிப்பெருங்கட்சி' என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. அதனை ஒட்டி, இந்தப் பேச்சில் ப்ளூராலிட்டியைத் 'தனிப்பெருந்தொகை' என்றே குறிப்பிடுகிறேன்.

இந்தச் சொல்லைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம், ஐக்கிய அமெரிக்காவில் இதனை ஒட்டி ஒரு பழைய வழக்கு தீராமல் இருந்து வருவதுதான். அந்நாட்டின் பெரிய கட்சிகள் இரண்டும், ஜனாதிபதித் தேர்தலுக்குத் தம் வேட்பாளரை ஒரு தேசிய மகாநாட்டில் தேர்ந்தெடுக்கின்றன. மகாநாட்டுக்கு வரும் பிரதிநிதிகள், தேர்தல் ஆண்டின் முற்பகுதியில் மாநிலந்தோறும் நடைபெறும் முதனிலைத் தேர்தல்களின் முடிவையொட்டி ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒதுக்கப்படுகிறார்கள். வேட்பாளர் ஆவதற்குப் பிரதிநிதிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ஆதரவு வேண்டும். முதற்சுற்றில் எவருக்கும் அது கிடைக்காவிடில் மீண்டும் வாக்கெடுப்பு. அதிலும் கிடைக்காவிடில் மீண்டும். இதுதான் விதி. ஐந்தாறு பேர் போட்டியிட்டு, முன்னணியில் இருப்பவர் 40 சதவீதத்தோடு நின்றுவிட்டால் என்ன செய்வது? அவரையே வேட்பாளர் ஆக்கிவிடலாமா, அல்லது மகாநாடு வேறொருவரை நாடலாமா? இதுதான் வழக்கு.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி லாஸ் வேகஸ் நகரில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர்கள் அறுவர் ஒரே மேடையில் நின்று விவாதித்தபோது, இந்தக் கேள்வி அவர்களிடம் நேரடியாகவே கேட்கப்பட்டது. ஐவர், விதிப்படி நடக்கட்டும் என்ற கருத்தில் பேசினர். ஒருவர் மட்டும், அதிகப் பிரதிநிதிகளைப் பெற்றவரே வேட்பாளர் ஆகவேண்டும், மக்களின் விருப்பமே வெல்லவேண்டும் என்றார். அவர் பெர்னி ஸாண்டர்ஸ். அன்றைய நிலையில் முன்னணியில் இருந்தவரும் அவரே.

இவ்விடத்தில் ஒரு சிறு குறுக்கீடு. 2016ஆம் ஆண்டில் அதே ஸாண்டர்ஸ், முதனிலைத் தேர்தல்களில் ஹில்லாரி கிளின்டனுக்குப் பின்தங்கி இருந்தார். அப்போது அவருடைய தரப்பினர், கட்சித் தலைவர்கள் என்ற முறையில் மகாநாட்டில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் தம் ஆதரவை அவருக்கு மாற்றித் தரலாமே என்று வாதித்தார்கள். அதே ஆண்டில் குடியரசுக் கட்சியில் முன்னணியில் இருந்த டொனால்டு டிரம்ப், வேட்பாளர் ஆவதற்கு வேண்டிய 1,237 என்னும் எண்ணுக்குப் பெரிய பொருள் ஒன்றும் இல்லை என்றும், அதிகம் பெற்றவருக்கே கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அவருடன் போட்டியிட்டுப் பின்தங்கியவர்கள் விதியின் புனிதத்தைப் பற்றிப் பேசினார்கள். கொள்கையில் எதிரெதிரான இரு கட்சிகளிலும், ஏணியின் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதே கருத்தை நிர்ணயித்ததாகத் தோன்றுகிறது. யாரையும் குறை கூற இதைச் சொல்லவில்லை. ஆட்டம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது ஆட்டக்காரரிடம் விதியைப் பற்றிக் கேட்டால் இத்தகைய விடைதான் கிடைக்கும்.

தனிப்பெருந்தொகையே போதும் என்பவர்களுடைய வாதத்தை அற்பமாகத் தள்ளிவிட முடியாது. இலட்சக்கணக்கான மக்கள் வரிசையில் நின்று வாக்களித்திருக்கிறார்கள். ஒருவர் எல்லோரையும்விட முன்னே வந்திருக்கிறார். அவரை ஒதுக்கிவிட்டு, இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தவரை ஒரு மண்டபத்தில் கூடிய சில ஆயிரம் பேர் தேர்ந்தெடுத்தால், வாக்களித்தவர்கள் ஏன் வாக்களித்தோம் என்று கேட்கமாட்டார்களா? அவர்களில் பலர் நவம்பர் மாதத் தேர்தலில் வீட்டிலேயே இருந்துவிடவும் கூடும். மேலும், நம் நாட்டு மக்களவைக்கு ஒவ்வோர் உறுப்பினரும் தனிப்பெருந்தொகையால்தானே வருகிறார்? பாதி வேண்டும் என்று நாம் கேட்பதில்லையே?

எனினும் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. 1860ஆம் ஆண்டு மே மாதம் சிகாகோ நகரில், அதற்கென்றே மரத்தால் எழுப்பிய ஒரு பெரிய கொட்டகையில் குடியரசுக் கட்சியின் மகாநாடு கூடியது. நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் ஸீவர்டுதான் வேட்பாளர் ஆவார் என்று பெரும்பாலோர் நம்பியிருந்தனர். முதற்சுற்றில் அவருக்கு 173½ வாக்குகள். இரண்டாம் இடத்தில் இல்லினாய் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவர், 102 வாக்குகளோடு இருந்தார். ஏனைய வாக்குகள் காமிரன், சேஸ், பேட்ஸ் முதலியோரிடையே சிதறிக் கிடந்தன. வெற்றிக்கு வேண்டியது 233. (அரை வாக்கு எங்கிருந்து வந்தது என்று நேயர்கள் கேட்கக் கூடும். ஒரு வாக்கை இரு பிரதிநிதிகள் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் அந்நாளைய மகாநாடுகளில் இருந்தது.) தனிப்பெருந்தொகையே போதும் என்பது அன்றைய விதியாக இருந்திருக்குமானால் காரியம் அங்கேயே முடிந்து, ஸீவர்டு வேட்பாளர் ஆகியிருப்பார்.

முடியவில்லை. இரண்டாம் சுற்றில் ஸீவர்டு 184½, வழக்கறிஞர் 181. மூன்றாம் சுற்றில் வழக்கறிஞர் 231½. இன்னும் ஒன்றரை வாக்குதான் வேண்டும். ஒஹையோ மாநிலத்தார் எழுந்து நான்கு வாக்குகளை மாற்றிக் கொடுத்தனர். ஆபிரகாம் லிங்கன் வேட்பாளர் ஆனார்.

இதனை ஏதோ அதிருஷ்டம் என்று எண்ணிவிடக் கூடாது. மகாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்னரே லிங்கன் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தாம் பலருக்கு முதல் விருப்பம் அல்லர் என்பதை ஒப்புக்கொண்டு, பிறர் மனத்தைப் புண்படுத்தாமல் நடந்துகொள்வதே தம் கொள்கை என்றும், தம் முதற்காதலைக் கைவிட நேருகிறவர்கள் தம்மிடம் வரும் மனநிலையில் இருக்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். ஸீவர்டுக்கு அன்பர்கள் மிகுதி. அவர் வேண்டவே வேண்டாம் என்றவர்களும் மிகுதி. பென்ஸில்வேனியா, இந்தியானா போன்ற மாநிலங்களில் அவரை நிறுத்தினால் தோல்விதான் என்று அங்குள்ள கட்சிக்காரர்களே அஞ்சினர். முதற்சுற்றின் எண்ணிக்கை, யாருக்கு அன்பர்கள் அதிகம் என்பதைத்தான் சொல்லிற்று. மற்றவர்கள் யாரைப் பொறுத்துக்கொள்வார்கள் என்பதைச் சொல்ல இன்னும் இரண்டு சுற்றுகள் தேவைப்பட்டன. ஒரு கட்சி தன் கொடியை ஒருவர் கையில் கொடுக்கும்போது, இந்த இரண்டாவது கேள்வியே பெரிய கேள்வி என்பது என் எண்ணம்.

வேடிக்கை என்னவெனில், அவ்வாண்டு நவம்பரில் நான்கு முனைப் போட்டியில் லிங்கன் பெற்ற மக்கள் வாக்கு 40 சதவீதத்துக்கும் குறைவு. தேர்வாளர் குழுவில் மட்டும் 303இல் 180 பெற்று ஜனாதிபதியானார். வேட்பாளர் ஆகும்போது பாதியைக் கடந்தவர், நாட்டின் வாக்கில் தனிப்பெருந்தொகையோடு நின்றார். அதன் பின்னே வந்த உள்நாட்டுப் போரை எல்லோரும் அறிவர்.

அப்படியானால் எவ்வளவு அதிகமாகக் கேட்கிறோமோ அவ்வளவு நல்லதா என்றால், அதுவும் இல்லை. ஜனநாயகக் கட்சி 1832 முதல் பாதி போதாது, மூன்றில் இரு பங்கு வேண்டும் என்ற விதியை வைத்துக்கொண்டிருந்தது. அதனால் விளைந்த அனர்த்தங்கள் பல. 1844இல் மார்ட்டின் வான் பியூரன் முதற்சுற்றிலேயே பாதிக்கு மேல் பெற்றும் வேட்பாளர் ஆக முடியாமற் போய், யாரும் எதிர்பாராத ஜேம்ஸ் போல்க் ஒன்பதாவது சுற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1912இல் சாம்ப் கிளார்க் என்பவருக்கு அதே கதி. 46ஆவது சுற்றில் உட்ரோ வில்ஸன் வேட்பாளர் ஆனார்.

இவற்றுக்கெல்லாம் சிகரம் 1924. நியூயார்க் நகரின் மாடிஸன் ஸ்கொயர் கார்டன் மண்டபத்தில் ஜூன் 24ஆம் தேதி தொடங்கிய மகாநாடு ஜூலை 9ஆம் தேதிதான் முடிந்தது. நம் வானொலிக்கும் அதற்கும் ஓர் உறவு உண்டு. அமெரிக்கக் கட்சி மகாநாடுகள் வானொலியில் ஒலிபரப்பப்பட்ட முதல் ஆண்டு அதுவே. பெயர் அழைக்கும் வரிசையில் முதலில் நிற்பது அலபாமா மாநிலம். சுற்றுக்குச் சுற்று அந்த மாநிலத்தின் கவர்னர் எழுந்து, தம் 24 வாக்குகளையும் ஆஸ்கர் அண்டர்வுட்டுக்கு அளிப்பதாக நீட்டி முழக்குவார். அந்தக் கோடையில் அமெரிக்கா முழுவதும் வீட்டுக்கு வீடு அந்த வாசகத்தைச் சொல்லிச் சிரித்ததாம்.

சிரிப்புக்குப் பின்னால் இருந்தது கசப்பு. ஒரு பக்கம் வில்லியம் மக்காடூ; கிராமப்புறத்தின், தென் மாநிலங்களின், மதுவிலக்கின் பிரதிநிதி. மறு பக்கம் நியூயார்க் கவர்னர் அல் ஸ்மித். நகரத்தவர், கத்தோலிக்கர், மதுவிலக்குக்கு எதிரி. கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெறிக் கூட்டத்தைப் பெயர் சொல்லிக் கண்டிப்பதா என்ற தீர்மானம் மயிரிழையில் தோற்றது. அத்தகைய மண்டபத்தில் மூன்றில் இரு பங்கு, அதாவது 732 வாக்குகள், யாருக்குக் கிடைக்கும்? முதற்சுற்றில் மக்காடூவுக்கு 431½, ஸ்மித்துக்கு 241. மக்காடூ தம் உச்சத்தில் 530 வரை சென்றார். பாதியைக் கூட எட்டவில்லை. 103ஆவது சுற்றில், இருவரும் களைத்து விழுந்த பிறகு, முதற்சுற்றில் 31 வாக்குகள் மட்டுமே பெற்றிருந்த ஜான் டேவிஸ் வேட்பாளர் ஆனார். நவம்பரில் கூலிட்ஜிடம் படுதோல்வியுற்றார். மூன்றில் இரு பங்கு விதியைக் கட்சி 1936இல் கைவிட்டது.

இந்த 1924ஐக் காட்டி, தனிப்பெருந்தொகையே போதும் என்று இருந்திருந்தால் இந்த அலங்கோலம் நேர்ந்திருக்காதே என்று கேட்கிறார்கள். உண்மைதான், முதல் நாளே மக்காடூ வேட்பாளர் ஆகியிருப்பார். அவரைக் கிளான் ஆதரித்தது என்ற காரணத்தாலேயே அவரை ஏற்க மறுத்த நகரத்துக் கத்தோலிக்கரும் யூதரும் என்ன செய்திருப்பார்கள்? அலங்கோலம் மண்டபத்தை விட்டு வெளியே போயிருக்கும், தீர்ந்திருக்காது.

பல சுற்றுகள் தேவைப்பட்ட மகாநாடு கடைசியாக 1952இல் நடந்தது. ஜனநாயகக் கட்சியில் செனட்டர் எஸ்டெஸ் கீஃபாவர் முதனிலைத் தேர்தல்களில் பெரும்பாலானவற்றை வென்று, மகாநாட்டின் முதற்சுற்றிலும் 340 வாக்குகளோடு முன்னணியில் நின்றார். போட்டியிடத் தயங்கிக்கொண்டிருந்த அட்லாய் ஸ்டீவன்ஸன் 273. தென் மாநிலங்களின் ரிச்சர்டு ரஸ்ஸல் 268. மூன்றாம் சுற்றில் ஸ்டீவன்ஸன் வென்றார். ஸ்டீவன்ஸன் சிறந்த மனிதர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மாநிலந்தோறும் சென்று மக்களின் கையைக் குலுக்கி வாக்குப் பெற்றவர் ஒருவர், மண்டபத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேறொருவர் என்ற மனக்குறை அப்போது விதைக்கப்பட்டது. 1968இல் அது வெடித்தது. அவ்வாண்டு ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு முதனிலைத் தேர்தலில் கூடப் போட்டியிடாமலே சிகாகோவில் வேட்பாளர் ஆனார். மண்டபத்துக்கு வெளியே போலீஸ் தடியடி. அதற்குப் பின்னர் கட்சி தன் விதிகளைத் திருத்தியது. 1972 முதல் பிரதிநிதிகள் பெரும்பாலும் வாக்காளரின் முடிவையொட்டியே அமையலாயினர்.

இந்தத் திருத்தம் நல்லதே. ஆனால் இதனால் மகாநாட்டின் தன்மையே மாறிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1860இல் சிகாகோவுக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். தத்தம் மாநிலத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர்கள். முதல் விருப்பம் தோற்றால் இரண்டாவது யார் என்று ஊரில் பேசிவிட்டு வந்தவர்கள். இன்றைய பிரதிநிதி ஒரு குறிப்பிட்ட வேட்பாளருக்குக் கை தூக்குவதற்கென்று அனுப்பப்படுகிறவர். அவரிடம் முதற்சுற்று தோற்றபின் இனி உன் அறிவைப் பயன்படுத்து என்று சொன்னால், யாருடைய அறிவை, யார் கொடுத்த அதிகாரத்தில் பயன்படுத்துவது? கட்சித் தலைவர்களுக்கு 1984 முதல் அளிக்கப்பட்டிருந்த தனி வாக்குரிமையை, 2018இல் ஜனநாயகக் கட்சி முதற்சுற்றில் செல்லாததாக்கியது. இரண்டாம் சுற்று வந்தால் அவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். ஸாண்டர்ஸின் அன்பர்கள் அஞ்சியது இதைத்தான். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது.

தனிப்பெருந்தொகையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மகாநாட்டை மட்டும் பார்க்கிறார்கள். அது மாநிலத்தின் வாசலிலேயே ஒளிந்து நிற்பதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. 2016 பிப்ரவரியில் தென் கரோலினா மாநிலத்துக் குடியரசுக் கட்சியின் தேர்தலில் டிரம்ப் பெற்றது ஏறத்தாழ 32½ சதவீத வாக்கு. அதற்கு அவருக்குக் கிடைத்த பிரதிநிதிகள் 50 பேர். அம்மாநிலத்தின் பிரதிநிதிகளே 50 பேர்தாம். மார்ச்சில் ஃப்ளாரிடாவில் 46 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகப் பெற்று 99 பேரையும் அள்ளிக்கொண்டார். இவ்வாறு மாநிலங்களில் கிடைத்த தனிப்பெருந்தொகைகளே கூடிக் கூடி, மகாநாட்டில் பெரும்பான்மை என்ற உடையை அணிந்துகொண்டு வந்து நின்றன. நாடு முழுவதும் அக்கட்சியின் முதனிலைத் தேர்தல்களில் அவர் பெற்றது சுமார் 45 சதவீதமே. ஜனநாயகக் கட்சியில் இவ்வாறு இல்லை. 15 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கெல்லாம் விகிதப்படி பங்கு உண்டு. ஆகவே அங்கே பிளவு மறைவதில்லை. மகாநாடு வரை வந்துவிடுகிறது. ஒளித்து வைத்த பிளவைவிட, கண்ணுக்குத் தெரியும் பிளவே மேல் என்று எனக்குப் படுகிறது.

நம் நாட்டிலும் கட்சிப் பிரதிநிதிகள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்த சந்தர்ப்பங்கள் உண்டு. 1950இல் காங்கிரஸ் தலைவர் பதவிக்குப் புருஷோத்தம தாஸ் டாண்டன் 1,306, ஆசாரிய கிருபளானி 1,092, சங்கர ராவ் தேவ் 202 வாக்குகள் பெற்றனர். மூவருடையதையும் கூட்டினால் 2,600, பாதி 1,300. டாண்டன் பாதியை ஆறு வாக்குகளால் தாண்டினார். பெரும்பான்மைதான், ஆனால் நேருஜிக்கும் அவருக்கும் ஒத்துவராமல் ஓராண்டில் பதவி விலகினார். கணக்குத் தேர்ந்தாலும் மனம் தேராமற் போவது உண்டு.

நம் ஜனாதிபதித் தேர்தலோ இன்னும் பொருத்தமான உதாரணம். அதில் வாக்களிப்போர் முதல் விருப்பம் மட்டுமின்றி இரண்டாவது, மூன்றாவது விருப்பங்களையும் எண்ணிட்டுக் காட்டலாம். 1969 ஆகஸ்டில் வி. வி. கிரி முதல் விருப்பக் கணக்கில் 4,01,515 பெற்றார், சஞ்சீவ ரெட்டி 3,13,548, சி. டி. தேஷ்முக் 1,12,769. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. கிரி முன்னணியில் இருந்தும் போதவில்லை. பின்தங்கியவர்களின் வாக்குகள் அடுத்த விருப்பப்படி பிரிக்கப்பட்டன. அவ்வாறு போன வாக்குகளில் மிகப் பெரும்பகுதி ரெட்டிக்கே சென்றது. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. முன்னே நின்றவரே வென்றார். ஆனால் முன்னே நின்றமையால் அன்று, பாதியைக் கடந்தமையால். இரண்டாவது விருப்பத்தைக் கேட்டால் முன்னணியில் இருப்பவர் அநியாயமாகத் தள்ளப்படுவார் என்று அஞ்சுவோருக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். அந்த இரண்டாவது விருப்பத்தை வாக்குச் சீட்டிலேயே எழுதியவர், முதல் விருப்பத்தை எழுதிய அதே மனிதர் என்பதுதான் இதில் முக்கியம். இரவு இரண்டு மணிக்கு ஓட்டல் அறையில் யாரோ ஒருவர் அவருக்காக முடிவு செய்யவில்லை.

ஆகவே என் கட்சி இது. தனிப்பெருந்தொகை மட்டும் வேட்பாளரைத் தீர்மானிக்கக் கூடாது. ஆனால், வாக்காளரைக் கேளாமல், அவர் அனுப்பிய ஆட்கள் தம் இஷ்டப்படி மிச்சத்தை இட்டு நிரப்புவதும் கூடாது. பாதி வேண்டும், அந்தப் பாதியை வாக்காளரே நிரப்பவேண்டும். இதனை ஆட்டம் தொடங்கும் முன்னரே எழுதி வைக்கவேண்டும். 1972இல் கலிபோர்னியாவில் மக்கவர்ன் சுமார் 44 சதவீதம் பெற்று, அன்றைய விதிப்படி 271 பிரதிநிதிகளையும் அடைந்தார். தேர்தல் முடிந்த பின்னர் அவர்களைப் பங்கிட வேண்டும் என்று எதிர்த் தரப்பினர் கிளம்பி, ஒரு குழுவில் வெற்றியும் பெற்று, மகாநாட்டில் தோற்றார்கள். பங்கிடும் முறையே நியாயமானது என்று நான் நினைக்கிறேன். ஆயினும் வாக்கு எண்ணிய பிறகு அதைக் கேட்டவர்களின் பக்கம் என்னால் நிற்க முடியாது.

2020இல் அந்தக் கேள்வி விடை பெறாமலே மறைந்தது. பிப்ரவரி 29ஆம் தேதி தென் கரோலினாவில் ஜோ பைடன் வென்றார். மார்ச் 1, 2 தேதிகளில் புட்டிஜஜ், குளோபுச்சார் இருவரும் விலகி அவரை ஆதரித்தனர். மார்ச் 3ஆம் தேதி 14 மாநிலங்களில் வாக்களிப்பு, காற்று திரும்பிவிட்டது. ஏப்ரல் 8ஆம் தேதி ஸாண்டர்ஸ் தம் பிரசாரத்தை நிறுத்திக்கொண்டார். ஆனால் அந்த மார்ச் 3ஆம் தேதியில் ஒரு சிறு சோகம் உண்டு. பல மாநிலங்களில் முன்கூட்டியே தபாலில் வாக்களிக்கலாம். விலகிவிட்ட இருவருக்கும் அவ்வாறு வாக்களித்து முடித்திருந்தவர்கள் ஏராளம். அவர்கள் செய்த குற்றம், சீக்கிரம் வாக்களித்தது. அவர்களுடைய இரண்டாவது விருப்பம் யார் என்று எவரும் கேட்கவில்லை. சீட்டில் அதற்கு இடமும் இல்லை.

அலாஸ்கா, ஹவாய், கான்ஸஸ், வயோமிங் ஆகிய நான்கு மாநிலங்களில் அவ்வாண்டு ஜனநாயகக் கட்சியினர் வேறு சீட்டு அச்சிட்டிருந்தனர். வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். 15 சதவீதத்தை எட்டாதவர்களுக்குக் கிடைத்த வாக்குகள் அடுத்த பெயருக்கு மாறிக்கொண்டே போகும். ஒரு வாக்கும் காற்றில் போகாமல் இருக்க முடிந்தவரை வழி செய்தார்கள். அந்த நான்கும் சிறிய மாநிலங்கள். அவற்றின் முடிவு வந்தபோது போட்டியே ஏறத்தாழ முடிந்துவிட்டிருந்தது. ஆகவே பத்திரிகைகள் அவற்றை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

எங்கள் சங்கத்துக்கு அடுத்த மாதம் மறுபடி தேர்தல். இம்முறையும் மூவர். பொதுக்குழுவில் சொல்லி, விதியைத் திருத்தி, சீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எண் எழுத ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அறிவிப்பில் 'பெரும்பான்மை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், 'அதாவது செல்லத்தக்க வாக்குகளில் பாதிக்கு மேல்' என்று சேர்த்திருக்கிறேன். கணக்குப் பெரியவர் மாதிரிச் சீட்டை வாங்கி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "ஒன்று மட்டும் போட்டுவிட்டு மற்றதைக் காலியாக விட்டால் செல்லுமா ஸார்?" என்று கேட்டார். செல்லும் என்று சொல்லியிருக்கிறேன்.